அரைப் பேரும் முழுப் பேரும்

எமது மகளுக்குச் சென்ற ஐப்பசியில் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. முதற் குழந்தைக்கும் இரண்டாவது குழந்தைக்கும் இடையே 17 நிமிடங்களே. செய்தி கேட்டு நாம் மருத்துவமனைக்கு விரைந்தபோது, அருகருகே கிடந்த அவ்விருவரின் மணிக்கட்டிலும் சிட்டைகள் கட்டப்பட்டிருந்தன. இரண்டிலும் தாயின் பெயர். அதன் கீழ் ஒன்றில் 1, மற்றதில் 2. மருத்துவமனைக்கு வேறு வழியில்லை. பெயரில்லாத இரண்டு உயிர்களை மாறிப்போகாமற் காக்க அதற்குத் தெரிந்த வழி அதுதான். அந்த இலக்கங்களை அகற்றிவிட்டு, அவ்விடத்தில் இரண்டு மனிதர்களை இருத்துவது வீட்டாரின் கடமை. அந்தக் கடமையைச் செய்யப் புகுந்தபோதுதான் எமது வீட்டில் வாதம் மூண்டது.

ஒரு வாரத்துக்குள் ஐந்து பட்டியல்கள் வந்து சேர்ந்தன. வர்ஷா, வர்ஷினி என்றார் ஒருவர். கங்கா, யமுனா என்றார் இன்னொருவர். சம்பந்தியம்மாள் பக்திமான், வள்ளி, தெய்வானை என்றே வைத்துவிடலாம் என்றார். ‘அப்படியென்றால் இரண்டு பேருக்கும் ஒரே மாப்பிள்ளையைத்தான் தேடவேணும், மாமி’ என்று மகள் சொன்னதோடு அந்தப் பட்டியல் மட்டும் மடித்து வைக்கப்பட்டது. மற்ற நான்கிலும் பெயர்கள் வேறுவேறாக இருந்தபோதிலும் நியதி ஒன்றாகவே இருந்தது. இரட்டைப் பிள்ளைகளுக்குப் பெயரும் இரட்டையாக இருக்கவேண்டும். ஒன்றைச் சொன்னால் மற்றது நாவில் தானாக வரவேண்டும். ஒரே துணியில் இரண்டு சட்டை தைப்பது போல.

இந்த நியதி எங்கிருந்து வந்தது? யாருடைய தேவைக்காக வந்தது? இக்கேள்வியை நாம் வீட்டில் எழுப்பியபோது எவரும் விடை கூறவில்லை. ‘கேட்க நல்லாயிருக்கும்’ என்றார்கள். யார் கேட்க? பெயரைச் சுமக்கப்போகிறவர்கள் அதைப் பிறர் வாயிலிருந்து வாழ்நாள் முழுவதும் கேட்கப்போகிறார்கள். பார்க்க வந்து, வியந்து, கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிறவர்கள் ஒரு நாள் மட்டுமே கேட்கப்போகிறார்கள். ஒரு நாள் கேட்பவரின் செவிக்காக ஒரு வாழ்நாளின் பெயரை அமைப்பது நியாயமா என்பதே எமது முதற் கேள்வி.

சோதிடரும் இந்த நியதிக்குத் துணை நின்றார். குழந்தைகள் ரோகிணி நட்சத்திரத்தின் இரண்டாம் பாதத்தில் பிறந்தவர்கள். ஆகவே பெயர் ‘வ’ என்னும் எழுத்திலே தொடங்கவேண்டும் என்று குறித்துக் கொடுத்தார். இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் நந்நான்கு பாதங்கள், பாதத்துக்கு ஓரெழுத்து, ஆக 108 எழுத்துக்கள் என்பது சோதிடர்களின் வாய்பாடு. சந்திரன் ஒரு பாதத்தைக் கடக்க ஏறக்குறைய ஆறு மணித்தியாலங்கள் ஆகும். நிமிடக் கணக்கில் முன்பின்னாகப் பிறக்கும் இரட்டையர் பெரும்பாலும் ஒரே பாதத்துக்குள்ளேயே அகப்பட்டுவிடுவர். எனவே வானத்தை நம்பிப் பெயர் வைப்பவர்களின் வீட்டில் இரட்டையருக்கு முதலெழுத்து ஒன்றாகிவிடுவது வியப்பல்ல. ஒரே வேளையில் பிறந்தோருக்கு ஒரே விதி என்று கூறும் சாத்திரம் முதலில் தடுமாறவேண்டிய இடம் இரட்டையரின் தொட்டில்தான். ஒரே ஓரையிற் பிறந்த இருவரில் ஒருத்தி பசித்தழுதாள், மற்றவள் உறங்கினாள். அதை நாம் கண்ணாற் கண்டோம்.

சாத்திரத்தை விட்டு நடைமுறைக்கு வருவோம். எம்மிடையே பெயருக்கு முன் தந்தையின் முதலெழுத்தை இடுவது வழக்கம். இரட்டையருக்கு அந்த எழுத்து ஒன்று. பிறந்த நாள் ஒன்று. வீட்டு முகவரி ஒன்று. பெரும்பாலும் பள்ளிக்கூடமும் வகுப்பும்கூட ஒன்று. வளர்ந்த பின் பெறும் தேசிய அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2016 முதல் வழங்கப்படும் அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அந்த எண்ணோடு 500 கூட்டப்படும். ஆகவே ஒரே நாளிற் பிறந்த இரட்டைப் பெண்களின் முதல் ஏழு இலக்கங்களும் ஒன்றே. எழுத்தும் எண்ணும் முகமும் ஒன்றாகிவிட்ட இருவரைப் பிரித்துக் காட்டுவதற்கு உலகத்தில் எஞ்சியிருப்பது பெயர் ஒன்றுதான். அதையும் வர்ஷா, வர்ஷினி என்று ஓரசையில் மாற்றி வைத்தால், மருந்துச் சிட்டையிலும் மாணவர் இடாப்பிலும் அந்த ஓரசைதான் இவ்விருவருக்கும் நடுவே வேலி. எழுதுபவரின் கை சிறிது வழுக்கினால் வேலி சாய்ந்துவிடும்.

நமது பழங்கதைகள் என்ன சொல்கின்றன என்று சம்பந்தியம்மாள் கேட்டார். நல்ல கேள்வி. சுமித்திரையின் வயிற்றிற் பிறந்த இரட்டையர் இலக்குவனும் சத்துருக்கனனும். பெயரில் ஓசை ஒற்றுமை எதுவுமில்லை. வாழ்விலும் அவர்கள் ஒட்டிக்கொண்டு திரியவில்லை. ஒருவன் இராமனோடு காட்டுக்குப் போனான், மற்றவன் பரதனோடு நாட்டில் நின்றான். அவரவர் அன்பு அவரவரை நடத்திற்று. இரட்டையர் என்ற நினைவே நமக்கு எழாத அளவுக்கு இருவரும் தனித்தனி மனிதர்கள். மாறாக, மாத்திரியின் புதல்வர்களான நகுலனையும் சகாதேவனையும் பாருங்கள். பெயர் வேறுவேறாயினும் நாம் அவர்களைச் சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். ஐவரில் மூவரை நன்கு அறிந்த நம்மவருள், நகுலன் என்ன செய்தான், சகாதேவன் என்ன செய்தான் என்று பிரித்துச் சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

ஆபிரிக்காவிலே நைஜீரிய நாட்டு யொருபா மக்களிடையே இரட்டைப் பிறப்பு உலகின் ஏனைய இடங்களைவிட மிகுதி. அங்கே இரட்டையருக்குப் பெயர் தேடும் தொல்லையே இல்லை. முதலில் வரும் பிள்ளை தைவோ, பின்னால் வரும் பிள்ளை கெஹிண்டே. ஆணாயினும் பெண்ணாயினும் அதுவே. அதிலொரு நயமும் உண்டு. முதலில் வருகிற தைவோவே இளையது என்பர். உலகம் வாழத்தக்கதா என்று சுவைத்துப் பார்த்து வரும்படி மூத்ததான கெஹிண்டே தன் இளையதை முன்னே அனுப்பியதாம். பிள்ளைகளின் வரவை ஊரே கொண்டாடுகிற பெயர்கள் அவை. அவற்றை நாம் குறைகூற வரவில்லை. வரிசையைக் குறிக்கும் பெயரை யார், எந்த மனத்தோடு இடுகிறார் என்பதிலேதான் எல்லாம் தங்கியிருக்கிறது.

மகள் எமது வாதங்களைப் பொறுமையோடு கேட்டாள். பின்னர் தன் மனத்தைத் திறந்து சொன்னாள். “அப்பா, ஒன்பது மாதம் இரண்டு பேரும் ஒரே இருட்டில் ஒன்றாக இருந்தார்கள். நாளைக்கு ஒருத்தி ஒரு நாட்டில், மற்றவள் ஒரு நாட்டில் இருக்கலாம். பெயரைச் சொல்லும்போதாவது மற்றவளின் நினைவு வரட்டுமே. அது தவறா?”

தவறில்லை. பொருத்தமான பெயரை விரும்பும் தாய்மார் அனைவரும் வேடிக்கைக்காக விரும்புகிறார்கள் என்று எண்ணியிருந்தது எமது பிழை. அந்த விருப்பத்தின் அடியில் இப்படியோர் அன்பும் அச்சமும் இருக்கின்றன. ஆயினும் எமது மனம் இணங்கவில்லை. அதன் காரணத்தை மகளுக்கு அன்றிரவு சொன்னோம். அந்தக் காரணம் நூல்களில் இல்லை. எமது தாயாரின் வாழ்க்கையில் இருந்தது.

எமது தாயார் 1930ஆம் ஆண்டளவில் ஹற்றனுக்கு மேற்புறத்தே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலே, இரட்டையருள் ஒருவராய்ப் பிறந்தவர். பாட்டியாருக்குப் பிள்ளைப்பேற்றின் களை தீருமுன்னரே கூடையைத் தலையில் மாட்டவேண்டியிருந்தது. பட்டியல் எழுதிப் பெயர் தேட அவருக்கு யார் ஓய்வு கொடுத்தார்கள்? முதலில் வந்தவள் பெரியாயி. பின்னால் வந்தவள் சின்னாயி. அவ்வளவுதான். மருத்துவமனைச் சிட்டையில் 1 என்றும் 2 என்றும் எழுதியதைப் போல. வேறுபாடு என்னவென்றால், எமது பேத்திகளின் சிட்டைகள் சில நாட்களில் அவிழ்க்கப்பட்டன. அவர்களுடையவை அவிழ்க்கப்படவில்லை.

பன்னிரண்டு வயதில் இருவரும் விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் நின்றார்கள். தோட்டத்துப் பேச்சு வழக்கிலே ‘பேர்’ என்றால் ஒரு நாட் கூலி என்று பொருள். செக்றோலில் அன்றைக்குப் பெயர் விழுந்தால்தான் கூலி. ஆகவே பெயரே கூலியாயிற்று. ‘இந்த மாசம் எத்தன பேரு?’ என்று கேட்டால், எத்தனை நாள் வேலை என்று அர்த்தம். எடுத்த கொழுந்து நிறுவையிற் குறைந்தால் ‘அரைப் பேர்’ போடுவார்கள். பாதிக் கூலி. மனிதனின் பெயரைப் பாதியாக வெட்டி அதற்கொரு விலையும் வைக்கலாம் என்பதைத் தோட்டத்துக் கணக்குப் புத்தகம் கண்டுபிடித்தது.

அத்தோட்டத்தில் பெரியாயிகள் நால்வர் இருந்தார்கள்; சின்னாயிகள் அறுவர். அவர்களுள் இந்த இருவருக்கு முகமும் ஒன்று. எவள் பெரியவள், எவள் சின்னவள் என்று விசாரிக்கக் கணக்கப்பிள்ளைக்குப் பொழுதில்லை. ஒரு மழை நாளில் எமது தாயார் காய்ச்சலோடு லயத்திற் கிடக்க, சின்னம்மா தனியே மலைக்குப் போய் நிறுவை குறையாமற் கொழுந்து கொண்டுவந்தார். மாத முடிவிற் பார்த்தால் அந்த நாளுக்கு இருவர் கணக்கிலும் அரைப் பேர் விழுந்திருந்தது. உழைத்தவளுக்கும் அரை, படுத்திருந்தவளுக்கும் அரை. சின்னம்மா பொல்லாதவர், கங்காணியிடம் நேரே போய் நியாயம் கேட்டார். கங்காணி சிரித்துக்கொண்டே சொன்ன விடையை எமது தாயார் சாகும்வரை மறக்கவில்லை: “ரெண்டும் ஒண்ணுதானே ஆயி. காசு ஒரே வீட்டுக்குத்தானே போவுது?”

ரெண்டும் ஒண்ணுதானே! குழந்தைகளைப் பார்க்க வந்தவர்களிடம் இதே சொற்களை எத்தனை முறை நாம் கேட்டோம்! இவர்கள் அன்பினாற் சொன்னார்கள். அவர் அலட்சியத்தினாற் சொன்னார். ஆயினும் சொல் ஒன்றே. இரண்டு பேரை ஒரு பேராக எண்ணுகிற பழக்கம் எங்கே தொடங்கினாலும், கடைசியில் அது அரைப் பேரில் வந்து நிற்கும்.

கூலியோடு போயிருந்தால் கதை சிறியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். மணமானவர் 1946ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்கு முந்திய 7 ஆண்டுகளும், மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இந்நாட்டில் இடைவிடாது வாழ்ந்தமைக்குச் சான்று காட்டவேண்டும். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. ஏறக்குறைய 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. ஏழைத் தொழிலாளிக்குச் சான்று எங்கே இருக்கும்? தோட்டத்துப் புத்தகத்தில்தான். எமது தந்தையாரின் விண்ணப்பம் எப்படியோ தப்பிப் பிழைத்தது. சின்னம்மாவின் கணவரின் விண்ணப்பம் விழுந்தது. மனைவியைப் பற்றிய சான்று போதாது என்றார்கள். பிறப்புப் பதிவில் அவருக்குப் பெயரிடம் வெறுமையாயிருந்தது. செக்றோலில் சில மாதங்கள் ‘பெரியாயி’ இரண்டு தடவை எழுதப்பட்டிருந்தது, சின்னாயியைக் காணவில்லை. எஞ்சிய மாதங்களில் காணப்பட்ட சின்னாயி அறுவருள் எந்தச் சின்னாயி என்று நிறுவ முடியவில்லை.

பெயரால்தான் அவர் நாடிழந்தார் என்று கூறினால் அது மிகையாகும். தெளிவான பெயர் கொண்டோரும் லட்சக் கணக்கில் நாடிழந்தார்கள். கழுத்தைப் பிடித்துத் தள்ளியது சட்டம். தள்ளுவதற்கு வசதியாக அதன் கைக்கு அகப்பட்டது அந்த அரைகுறைப் பெயர்.

1964 அக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பேசுவோம் என்றார்கள். பத்தாண்டுகளின் பின் அவர்களையும் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். சின்னம்மாவின் குடும்பம் 1972இல் புறப்பட்டது. தலைமன்னாருக்குச் சென்ற அந்த இரயிலை எம் மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். அப்போது எமக்குப் பதினேழு வயது. நிலையத்திலே கடவுச்சீட்டுகளைச் சரிபார்த்து வந்த உத்தியோகத்தர், கட்டிப்பிடித்தழுத இருவருள் எமது தாயாரைப் பார்த்துக் கையை நீட்டினார். தாயார் திகைத்து நின்றார். சின்னம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னே வந்து, “போறது நாந்தாங்க” என்றார்.

நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கென்று அமைக்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டத்தில் அவர்களுக்கு மீண்டும் கொழுந்தெடுக்கும் வேலை கிடைத்தது. சகோதரிகள் இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. இங்கே நாம் எழுத, அங்கே மகள் படித்துக் காட்ட, உறவு தபாலில் நடந்தது. ஒரு கடிதத்தில் சின்னம்மா சொல்லியிருந்த செய்தி எம்மை உலுக்கியது. புதிய இடத்தில் எல்லோரும் கேட்கிறார்களாம்: ‘சின்னாயின்னா, பெரியாயி யாரு?’ அங்கே பெரியாயி எவருமில்லை. பெரியாயி கடலுக்கு இப்பால் இருந்தார். துணையிருக்கும்போது மட்டுமே பொருள் தருகிற ஒரு பெயரைச் சுமந்துகொண்டு, துணையில்லாத ஊரில் அவர் இருபத்தாறு ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தார்.

உங்களுக்கென்று வேறு பெயர் வைப்பதாயின் என்ன பெயர் வைத்துக்கொள்வீர்கள் என்று தாயாரிடம் ஒருமுறை கேட்டோம். அவர் சிரித்தார். “அப்ப பேரு விழுந்தாப் போதும்னு இருந்தோம். பேருக்கு ஒரு பேரா தேடுவாங்க?” என்றார்.

இதைக் கேட்ட மகள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “ஒருத்தி இல்லாத இடத்திலும் மற்றவளின் பெயர் நிற்கவேண்டும், அப்படித்தானே அப்பா?” என்றாள். நாம் ஒரு மணித்தியாலம் விரித்துரைத்ததை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள். சேர்ந்திருந்ததன் நினைவுக்கு என்ன செய்வது என்ற அவளுடைய கேள்விக்கும் அவளே விடை கண்டாள். நினைவைப் பெயரில் ஏற்றத் தேவையில்லை. நாம் கதையாய்ச் சொல்லி வளர்ப்போம் என்றாள். பெரியாயியும் சின்னாயியும் பெயரின் ஓசையினாலா ஒருவரையொருவர் நினைத்திருந்தார்கள்?

அதன் பின்னர் வேலை எளிதாயிற்று. பிறப்பைப் பதிவு செய்ய 42 நாட்கள் தவணை உண்டு. அதற்குள் வீட்டில் மூன்று சோதனைகளை வைத்துக்கொண்டோம். லயத்தின் இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் ஒருத்தி மட்டுமே திரும்பவேண்டும். எழுதும்போது முதலெழுத்தே வேறாயிருக்கவேண்டும். ஒரு பெயரை மட்டும் தனியே கேட்ட அயலார், ‘மற்றவள் யார்?’ என்று கேட்கும்படி இருக்கக்கூடாது. வர்ஷா, வர்ஷினி முதற் சோதனையிலேயே வீழ்ந்தார்கள். கங்காவும் யமுனாவும் மூன்றாவதைத் தாண்டவில்லை. ஒரு பெயரைத் தாய் தெரிந்தாள். மற்றதைத் தந்தை தெரிந்தார். ஒருத்தி குறிஞ்சி, மற்றவள் அமுதா. எழுத்திலோ ஓசையிலோ பொருளிலோ ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்காத இரண்டு பெயர்கள். சம்பந்தியம்மாளுக்கு முதலில் மனக்குறைதான். இப்போது இரண்டு பெயரையும் இரண்டு தாலாட்டில் வைத்துப் பாடுகிறார்.

பெயர் ஒரு சிறிய விடயம் என்பார்கள். பெயரை எவரும் பறிக்காத வீட்டிற் பிறந்தவர்களுக்கு அது சிறிய விடயமாகத்தான் தோன்றும். தாழ்த்தப்பட்ட தந்தை தன் மகனுக்குக் கந்தசாமி என்று ஆசையோடு வைத்த பெயரைக் கந்தன் என்று வெட்டிக் குறுக்கி அழைத்த வழக்கம் இந்நாட்டில் இருந்தது. உழைப்பாளியின் பெயரை அரையாக வெட்டிக் கூலி போட்ட கணக்கும் இருந்தது. அவற்றை எதிர்த்து நின்றவர்களின் பிள்ளைகள் நாம். பிறர் எம்மை எண்ணிய முறையில் நாமே எம் குழந்தைகளை எண்ணலாகாது. இரட்டைப் பிள்ளை என்பது இரண்டாய்ப் பகுக்கப்பட்ட ஒரு பிள்ளையல்ல; அது இரண்டு பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வயிறு, ஒரு மனம், ஒரு வழி. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுப் பெயர்.

பெயர் சூட்டிய செய்தியைக் கோத்தகிரியில் வாழும் சின்னம்மாவின் மகளுக்கு எழுதினோம். மகிழ்ச்சி தெரிவித்து அவள் எழுதிய மறுமொழியின் அடியில் ஒரு கேள்வி இருந்தது: “அண்ணே, இதுல பெரியது எது, சின்னது எது?”

“இரண்டும் முழுசு” என்று பதில் எழுதினோம்.